மூன்று குறோஸும் ஒரு முறைப்பாடும்

1

இன்று காலை இந்த வருடத்தின் முதற்பனி விழுந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு மொன்றியலில் முதற்பனி என்றால் ஏதோ திருவிழா என்ற எண்ணம். போன வருடம் மைத்துனன் ஒருவன் தொலைபேசியில், பனிக்குள் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டான். நான் பனியை அள்ளிச் சம்பளம் வாங்குகிறவன். எனக்கு முதற்பனி விழுந்தால் முதலில் வருவது கோபம்தான்.

அந்தக் கோபத்தின் ஒரு துண்டு என் மகள் ஆரணியின் மேசையில் கிடக்கிறது. பள்ளிக்கூடத் தாள்கள் பறக்காமல் இருக்க, உடைந்த இரும்பு ஒன்றைப் பாரமாக வைத்திருக்கிறாள். அதன் பெயர் குறோஸ். உழவு இயந்திரத்தின் பின்பக்கத்தில் பனி ஊதும் புளோவரைப் பூட்டுவார்கள். இயந்திரத்தின் சுழற்சியைப் புளோவருக்குக் கொண்டுபோகிற தண்டு ஒன்று இரண்டுக்கும் நடுவில் இருக்கும். நாங்கள் அதைச் சாஃப்ட் என்போம். புளோவர் ஏறி இறங்கும்போது சாஃப்டும் மடங்கிச் சுற்ற வேண்டும் என்பதால் அதன் இரண்டு நுனியிலும் மூட்டு உண்டு. மூட்டுக்கு நடுவில் நான்கு கையோடு இருக்கிற சிறிய இரும்புதான் குறோஸ்.

போன குளிர்காலம் இப்படி மூன்று குறோஸ் உடைந்தன. மூன்றும் நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது உடைந்தன. மூன்றையும் நான் உடைக்கவில்லை. இதை எழுதாவிட்டால் என் நெஞ்சு ஆறாது.

2

நான் உழவு இயந்திரத்தில் ஏறியது பதினேழு வயதில், கிளிநொச்சியில், மாமாவின் வயலில். உழுதேன், சூடு மிதித்தேன், நெல் ஏற்றினேன். சண்டை நெருங்கி வந்தபோது சனத்தை ஏற்றினேன். பின்னால் இழுத்துப் போகிற பெட்டி முழுக்க ஆட்கள், ஆட்களின் மடியில் மூட்டைகள், மூட்டைகளின் மேல் கோழிக்கூடு. டீசல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினேன். பாதை என்று ஒன்று இல்லாத இடத்திலும் ஓட்டினேன். அத்தனை வருடத்தில் ஒரு சாஃப்டும் என் கையில் உடைந்தது கிடையாது.

இங்கே சாரதிப் பத்திரம் எடுக்கப் போனேன். என்னுடைய இலங்கைப் பத்திரத்தை ஒரு பெண் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பு வேண்டும் என்றாள். கொண்டுபோனேன். மொழிபெயர்ப்பில் முத்திரை சரியில்லை என்றாள். முத்திரையையும் சரிசெய்துகொண்டு போனால், வேறு ஒருத்தி இருந்துகொண்டு, அந்தப் பத்திரமே இங்கே செல்லாது, முதலிலிருந்து பழகுங்கள் என்றாள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு பஸ் மாறி மூன்று தரம் அலைந்த அலைச்சல் மிச்சம். கடைசியில் மீசை முளைக்காத பொடியன் ஒருவன் பக்கத்தில் இருந்து ‘மெதுவாக, மெதுவாக’ என்று சொல்ல, நான் கார் ஓட்டிக் காட்டிப் பத்திரம் வாங்கினேன்.

பிறகுதான் மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ரெமோனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வீடுகளின் டிரைவ்வேயில் பனி அகற்றுகிற சிறிய கம்பனி அவனுடையது. பனி விழுந்ததும் நாங்கள் தெருத் தெருவாகப் போய், கார் நிற்கிற இடத்துப் பனியைப் புளோவரால் வாரிப் பக்கத்துப் புல்தரையில் ஊதிவிட வேண்டும். ஒரு வீடு முடிந்ததும் புளோவரை ஒரு சாண் உயர்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.

ரெமோனிடம் ஒரு சட்டம் இருந்தது. வேலை தொடங்கும்போது சுழலவிட்ட சாஃப்டைத் தெரு முடியும்வரை நிறுத்தக் கூடாது. வீட்டுக்கு வீடு நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நேரம் போகிறது, கிளச் தேய்கிறது என்பது அவன் சொல்லும் நியாயம். ‘நிறுத்தாதே’ என்று பிரெஞ்சில் ஒரு மட்டையில் பெரிதாக எழுதி, எங்கள் கண்ணுக்கு நேரே கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தான்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அவன் பழையதை விற்று வாங்கிய பெரிய இயந்திரத்துக்கு நாங்கள் இரண்டு பேர். விடியற்காலையில் தொடங்கி மத்தியானம் வரை மரியதாஸ் அண்ணை. மத்தியானத்திலிருந்து தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆகும்வரை நான். அண்ணை மன்னாரைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிடமாட்டார். இயந்திரத்தை என்னிடம் தரும்போது இருக்கையைத் துடைத்துவிட்டுத் தருவார். அப்படிப்பட்ட மனிதர்.

3

முதல் குறோஸ் மார்கழியில் உடைந்தது. ஒரு வீட்டு டிரைவ்வேயின் நடுவில் ‘படார்’ என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சாஃப்ட் ஒரு பக்கம் தொங்குகிறது. ரெமோன் வந்து இறங்கினான். இறங்கியதும் கேட்ட முதற் கேள்வி, இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் நான் உழவு இயந்திரத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேனா என்பது. பிரெஞ்சில் கேட்டான். எனக்கு விளங்கவில்லையோ என்ற சந்தேகத்தில் அதையே ஆங்கிலத்தில் இன்னொரு தரம் கேட்டான். எனக்கு முதல் தரமே விளங்கிவிட்டது.

எஞ்சினை வேகமாக முறுக்கிக்கொண்டு சாஃப்டைச் சுழலவிட்டால் அந்த உதையில் குறோஸ் போய்விடும், நீ அப்படித்தான் செய்கிறாய் என்றான். நான் அப்படிச் செய்வதே இல்லை என்றேன். இனிமேல் செய்யாதே என்றான். செய்யாத ஒன்றை எப்படி இனிமேல் செய்யாமல் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தையில் உடைந்தது. இந்தத் தரம் குற்றம் கிறீஸ். நான் கிறீஸ் அடிக்காமல் ஓட்டுகிறேனாம். கிறீஸ் பம்பைப் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை கறுத்துப் போயிருந்தது, கையை விரித்துக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சாஃப்டைக் கழற்றி நானே பார்த்தேன். சாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய்கள். இரண்டு நுனியிலும் குறோஸைப் பிடித்திருக்கிற இரும்புக் காதுகள் ஒரே வரிசையில் நிற்கும்படி அவற்றைப் பூட்ட வேண்டும். முதல் தரம் பழுது பார்த்த மனிதன் அதைக் கால் சுற்றுத் திரும்பிய நிலையில் பூட்டியிருந்தான். அப்படிப் பூட்டினால் சாஃப்ட் குலுங்கும். ரெமோனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சரியாகப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனான். பிடித்தாயே என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும், இதோடு தொல்லை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

முடியவில்லை. எனக்கு இன்னும் இரண்டு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. புளோவரின் வாய்க்குள் கல்லோ, வாசலில் எறிந்துவிட்டுப் போகிற விளம்பரத்தாள் பையோ மாட்டினால், முதலில் உடையட்டும் என்றே மென்மையான இரும்பில் ஒரு போல்ட் வைத்திருக்கிறார்கள். அது உடைந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். குறோஸ் உடைந்த இரண்டு தரமும் அந்த போல்ட் முழுசாக இருந்தது. அப்படியென்றால் நான் புளோவருக்கு எதையும் விழுங்கக் கொடுக்கவில்லை, பாரம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. இது ஒன்று. மற்றது, மூட்டின் இரண்டு காதுகளும் ஒன்றோடு ஒன்று முட்டிய தழும்பு இரும்பில் பளபளவென்று தெரிந்தது. நான் புளோவரை உயர்த்துகிற ஒரு சாண் உயரத்தில் அந்தக் காதுகளுக்கு நடுவில் கை நுழையும். அவை முட்டிக்கொள்ள வழியே இல்லை. எனக்கு விடை தெரியவில்லை.

ரெமோனுக்கு விடை தெரிந்திருந்தது. மலிவான குறோஸ் வாங்குவதுதான் பிழை என்று உதிரிப்பாகக் கடைக்காரன் சொன்னதைக் கேட்டு, அடுத்த குறோஸை விலை கூடினதாக வாங்கிப் போட்டான். மாசியில் ஒரு பனிப்புயல் நாளில் அதுவும் உடைந்தது. இப்போது அவனுக்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. நல்ல சாமானும் உன் கையில் உடைகிறது, ஆகவே பிழை சாமானில் இல்லை என்றான். இன்னொன்று உடைந்தால் மறுநாள் வரவேண்டாம் என்றும் சொன்னான்.

அதன் அர்த்தம் ஊரில் இருப்பவர்களுக்கு விளங்க வேண்டும். பனி முடிந்து வேலை நின்றால் வேலையிழப்புக் காப்புறுதி தருவார்கள். கோடையில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை வரும்வரை அதில்தான் எங்கள் அடுப்பு எரியும். சாமானை உடைத்ததற்காக வெளியே அனுப்பினான் என்று பதிவாகிவிட்டால் அதுவும் கிடையாது. அடுத்த முதலாளி கேட்டால் ரெமோன் என்ன சொல்வான் என்பதும் எனக்குத் தெரியும். பதினேழு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில், எனக்குத் தொழில் தெரியாது என்ற பேர் நிலைத்துவிடும்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொல்லிப் புலம்பினேன். ஆரணிக்கு அப்போது பதினைந்து வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பா, மூண்டு தரமும் நீங்கள் ஓட்டேக்கதானே உடைஞ்சது?" என்றாள். பிறகு தம்பியிடம் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். அவன் சிரித்தான். என் வீட்டில், என் உப்பைத் தின்றுகொண்டு, எனக்கு விளங்காத பாஷையில் என்னைப் பற்றிச் சிரிக்கிறார்கள். நான் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன்.

4

நாலாவது குறோஸ் பூட்டிய பிறகு நான் புளோவரைப் பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோனேன். அந்தக் குளிர்காலமோ பனி நிற்பதாக இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

எங்கள் தெருக்களில் ஒன்றின் வளைவில் ஒரு மூலை வீடு. பழைய குளியல் தொட்டி ஒன்றைப் பாதி புதைத்து நிமிர்த்தி, அதற்குள் மாதா சொரூபம் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் இப்படி உண்டு. ஒரு பின்னேரம் அந்த வளைவில் வரும்போது, சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு மதாம் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டி என்னை மறித்தா. அந்த வீட்டுக்காரி. ஏதோ குப்பைப் பெட்டியில் இடித்துவிட்டேனாக்கும் என்று பயந்து கண்ணாடியை இறக்கினேன்.

மதாம் ஏசத் தொடங்கினா. வேகமான பிரெஞ்சு. எனக்குக் கால்வாசிதான் பிடிபட்டது. காலையில் வருகிற மற்ற ஐயா எவ்வளவு நல்லவர், நீ ஏன் அப்படி இல்லை என்கிற வகை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. முதலாளி ஏசுகிறான், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இப்போது தெருவில் போகிறவர்களும் தொடங்கிவிட்டார்கள். மற்ற ஐயா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

மதாம் செய்து காட்டினா. மூன்று வீட்டுக்கு அப்பால் நடந்துபோய், அங்கிருந்து மெதுவாக என் பக்கம் வந்தா. வரும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தினா. உயர்த்தியபடியே மாதாவைக் கடந்து, அந்தப் பக்கம் இரண்டு வீடு போய், அங்கேதான் கையை இறக்கினா. திரும்பி வந்து, நீயோ மாதாவுக்கு முன்னால் அழுக்குப் பனியை ஊதிக்கொண்டு போகிறாய் என்பது மாதிரி என்னவோ சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டா.

அந்த இரண்டு கைகள் தலைக்கு மேல் போன உயரம்தான் கண்ணுக்குள் நின்றது. பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் வெறும் கார் நிறுத்துமிடத்துக்குள் இயந்திரத்தைத் திருப்பினேன். எஞ்சினைக் குறைத்துவிட்டு, சாஃப்ட் சுழன்றுகொண்டிருக்கும்போதே நெம்பை அது போகிற எல்லைவரை இழுத்துப் புளோவரை உயர்த்தினேன். இடுப்பளவு, நெஞ்சளவு, அதற்கும் மேலே போனது. சாஃப்ட் முறிந்த கை மாதிரி மடங்கியது. டக், டக், டக் என்று காதும் காதும் முட்டுகிற சத்தம் என் இருக்கையின் அடியில் கேட்டது. புளோவரை இறக்கினேன். சத்தம் நின்றது.

மெதுவாகச் சுற்றும்போதே இந்தச் சத்தம். முழு வேகத்தில், காலைக்குக் காலை, ஐந்து ஆறு வீட்டுத் தூரம் இப்படிப் போனால் எந்தக் குறோஸ் தாங்கும்? காலையில் அவர் நொறுக்கித் தருகிறார். பின்னேரம் அது என் கையில் உதிர்கிறது. மூன்று மாதமாக என் மேல் ஏறியிருந்த பழி முழுவதும் மரியதாஸ் அண்ணையினுடையது. அன்று பின்னேரம் முழுக்க வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே பனி ஊதினேன். கேட்க ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

5

மறுநாள் மத்தியானம் அண்ணையை டோனட் கடைக்கு அழைத்துப் போனேன். கோப்பி வாங்கி வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன். அண்ணை மறைக்கவில்லை. தூக்குகிறேன்தான் என்றார். ஏன் தூக்குகிறீர்கள் என்றேன்.

"மாதாவுக்கு முன்னால சேறும் பனியும் வீசிக்கொண்டு எப்பிடித் தம்பி போறது? அதுதான் நிலத்தில படாமல் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போறனான்."

"தூக்குங்கோ, ஆர் வேண்டாமெண்டது? சாஃப்டை நிப்பாட்டிப்போட்டுத் தூக்கியிருக்கலாமே அண்ணை. என்ர வேலை போகப் போகுது."

அண்ணை கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "நான் நிப்பாட்டத்தான் நினைச்சனான். நிப்பாட்டுறதுதானே எங்கட வழக்கம். இவன் நிப்பாட்டாதை எண்டெல்லோ எழுதி ஒட்டியிருக்கிறான். நிப்பாட்டேலாது. அதுதான் தூக்கினனான்."

என் வாயில் இருந்த ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வழக்கம் என்னுடையதும்தான். கண்டி வீதியால் போன எந்தச் சாரதி முறிகண்டிப் பிள்ளையாரை நிற்காமல் கடந்தான்? பஸ் நின்றது, லொறி நின்றது, உழவு இயந்திரம் நின்றது. எஞ்சினை ஓய விட்டு, இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை ஒரு சுருள் வாங்கிக்கொண்டுதான் ஏறுவோம். வேதக்கார ஆட்களும் நின்றார்கள். நிற்காமல் போனால் ஏதோ நடக்கும் என்ற பயம் பாதி. வழியில் இருக்கிறவரை மதியாமல் போவது மனிதத்தனம் இல்லை என்பது மீதி. அண்ணையும் அந்த வீதியில் லொறி ஓட்டியவர். அவருக்கு நிற்கத்தான் தெரியும். நிற்கக் கூடாது என்று மட்டை ஒட்டினால் அந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

தூக்கியதால் மட்டும் குறோஸ் உடையவில்லை. நிறுத்தாததால் மட்டும் உடையவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் உடைந்தது. இந்த இரண்டில் ஒன்று ரெமோனின் சட்டம். அவனோ என்னைப் பார்த்து, உழவு இயந்திரம் கண்டிருக்கிறாயா என்று கேட்கிறான்.

அண்ணை இன்னொன்றும் சொன்னார். அவருடைய தங்கை குடும்பம் மடுவுக்குக் கிட்ட இருந்தது. அங்கே மாதா கோயிலைச் சுற்றிச் செல் குண்டு விழுகிறது என்று தங்கை போனில் அழுதாளாம். "அங்க போய் முழங்கால்படியிட எனக்கு வழியில்லைத் தம்பி. இஞ்ச வழியில இருக்கிறா. அவவையும் சும்மா கடந்து போகச் சொல்லுறீரோ?" என்றார்.

அவரே எழும்பி, "நான் போய்ச் சொல்லுறன். செய்தது நான், பழி நீர் சுமக்கிறீர்" என்று கோட்டை எடுத்தார். பிடித்து இருத்தினேன். மாதாவைச் சொல்லி ரெமோனுக்கு விளங்கப்படுத்தப் போனால், அவன் அண்ணையை அனுப்பிவிட்டு அதைக் கதையாகவும் சொல்லித் திரிவான். அவனுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

6

சனிக்கிழமை ஆரணியைக் கூட்டிக்கொண்டு ரெமோனின் முற்றத்துக்குப் போனேன். என் பிரெஞ்சில் கோபப்பட்டால் எனக்கே சிரிப்பு வரும். அதனால்தான் அவள்.

ரெமோன் பார்த்துக்கொண்டிருக்க, புளோவரை ஒரு சாண் உயர்த்திச் சாஃப்டைச் சுழலவிட்டேன். சத்தமில்லை. முழுவதும் உயர்த்தினேன். டக், டக், டக். நிறுத்திவிட்டு, உடைந்த பழைய குறோஸை அவன் கையில் கொடுத்து, காதுகளில் இருந்த தழும்பைக் காட்டினேன். பிறகு ஆரணியிடம் சொன்னேன். "கேள், இலையுதிர் காலத்தில பழைய இயந்திரத்தை வித்துப்போட்டு இந்தப் பெரிய இயந்திரத்தை வாங்கினது ஆரெண்டு. இது பழசை விட எவ்வளவு உயரம் தூக்குமெண்டு ஆராவது பாத்ததோ எண்டு கேள். நெம்புக்கு ஒரு தடை போடாமல் எங்களிட்டைத் தந்தது ஆரெண்டு கேள். நான் செல்லுக்குள்ளால சனத்தை ஏத்திக்கொண்டு ஓடேக்க இவர் எங்க இருந்தவரெண்டும் கேள்."

ஆரணி என்னைப் பார்த்தாள், குறோஸைப் பார்த்தாள். பிறகு ரெமோனிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். நெம்புக்கு ஒரு தடை வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னாள். நான் இவ்வளவு நீளமாகச் சொன்னது அவ்வளவுதானா என்றேன். மற்றதைச் சொன்னால் உங்களுக்கு வேலை இருக்காது அப்பா என்றாள். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குக் கூடக் கோபத்தைத் தந்தது.

அவ்வளவு உயரம் தூக்குவது யார் என்று ரெமோன் கேட்டான். அதை மட்டும் நானே பிரெஞ்சில் சொன்னேன். இயந்திரம் தூக்கும், ஆகவே யாரும் தூக்கலாம். அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் உள்ளே போய், நெம்பு ஓடுகிற பள்ளத்தில் பூட்டுகிற ஒரு தடையைக் கொண்டுவந்து தந்தான். கையால் திருகி இறுக்குவது. ஒரு சாணுக்கு மேல் தூக்காதபடி அதைப் பூட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லும் வரவில்லை, அதன் தம்பி தங்கை எதுவும் வரவில்லை.

காருக்குள் ஏறியதும் ஆரணி அந்த உடைந்த குறோஸைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா என்றாள்.

7

அதற்குப் பிறகு குறோஸ் உடையவில்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஆரணி எடுத்தாள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். கையால் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, ரெமோன். ஒரு மதாம் முறைப்பாடு குடுத்திருக்கிறாவாம். முந்தி காலமை வாறவராவது மாதாவுக்கு மரியாதை செய்தவராம், இப்ப ரெண்டு பேரும் செய்யிறேல்லையாம். அடுத்த வருசம் ஒப்பந்தம் தரமாட்டாவாம். உங்கட ஆக்களுக்கு இந்த நாட்டுச் சமயத்தில மரியாதை இல்லையோ எண்டு கேக்கிறார்."

நான் கோயிலுக்குப் போய் வந்து, நெற்றியில் திருநீறோடு இருந்தேன். மூன்று மாதம் குறோஸ் உடைத்தவன் என்று ஏச்சு வாங்கினேன். உடையாமல் செய்தேன். அதற்கு இப்போது மாதாவை மதியாதவன் என்று ஏச்சு. இந்த நாட்டில் எங்களுக்கு மிச்சம் வைத்திருக்கிற ஏச்சு இன்னும் எத்தனை என்று எனக்கு அறிய வேண்டும் போல் இருந்தது. தொலைபேசியைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கப் போனேன். ஆரணி தரவில்லை. என்ன சொல்ல என்று கண்ணால் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. "மரியாதை செய்யச் சொல்லுறாரோ எண்டு வடிவாக் கேள்" என்றேன். கேட்டாள். ஓம், அந்த வீட்டுக்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டுமாம். "அப்ப நாளையிலிருந்து செய்யிறம் எண்டு சொல்லு."

மறுநாள் மத்தியானம் இயந்திரத்தை வாங்கும்போது அண்ணையிடம் சொன்னேன். "அண்ணை, இனி மூலை வீட்டுக்கு முன்னால சாஃப்டை நிப்பாட்டுங்கோ. தடையைக் கழட்டுங்கோ. பேந்து தூக்குங்கோ. ஆராவது கேட்டால் முதலாளி சொன்னவர் எண்டு சொல்லுங்கோ." அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் நானும் வளைவில் நிறுத்தினேன். ‘நிறுத்தாதே’ மட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. எஞ்சினைக் குறைத்து, சாஃப்டை நிறுத்தி, தடையைக் கையால் கழற்றி, புளோவரை முழுவதும் தூக்கினேன். மூட்டு மடங்கியது. சுழலாத மூட்டு எவ்வளவு மடங்கினால் என்ன, ஒரு சத்தமும் இல்லை. பின்னால் ஒரு கார் கோர்ன் அடித்தது. அடிக்கட்டும். ஜன்னலில் சிவப்புக் கோட்டு மதாம் சிலுவை போட்டுக்கொண்டா. நான் எனக்குத் தெரிந்தபடி தலையில் குட்டிக் கும்பிட்டேன். பிள்ளையாருக்குக் கும்பிடுகிற முறைதான் எனக்குத் தெரியும்.

8

இன்று காலை ரெமோன் தொலைபேசியில் வந்தான். இந்த வருடமாவது சாமானை உடைக்காமல் ஓட்டப் பார் என்றான். மறக்கிற வியாதி முதலாளிமாருக்கு மட்டும் வருகிறது. நான் ஓம் என்றேன்.

மத்தியானம் மரியதாஸ் அண்ணை இருக்கையைத் துடைத்து இயந்திரத்தைத் தந்தார். தங்கையிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டேன். அவர்கள் மடுவை விட்டு எழும்பி, இடம் மாறி மாறி எங்கேயோ போய்விட்டார்கள், ஆவணிக்குப் பிறகு போன் இல்லை என்றார். காலையில் மூலை வீட்டில் நிறுத்தினீர்களா என்றேன். நிறுத்தினேன் என்றார்.

வளைவில் நானும் சாஃப்டை நிறுத்தினேன். புளோவரைத் தூக்கினேன். போன வருடம் நிறுத்தியதை விட அதிக நேரம் நிறுத்தி வைத்தேன். பின்னால் கார்கள் நின்றன. ரெமோன் அனுப்புகிறதென்றால் இன்றைக்கே அனுப்பட்டும் என்று இருந்தேன். எழும்பிப் போனவர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய உழவு இயந்திரப் பெட்டியில் அந்தத் தங்கைக்கும் ஒரு இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் சாஃப்டைச் சுழலவிட்டேன்.